மெதுவாக ஓட்டத் தெரியுமா?

சாலை விபத்து என்றாலே வேகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. 'வேகம் விவேகமன்று' என்ற எச்சரிக்கைப் பலகை நம் நெடுஞ்சாலைகளில் எங்கும் நிற்கிறது. அந்த எச்சரிக்கை பொய்யன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த மரணங்களில் பெரும்பங்கு வேகத்தோடு தொடர்புடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நான் எழுத வந்தது அதைப் பற்றி அன்று. ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில், மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில், கனமான மோட்டார் சைக்கிளைக் கீழே போடுவதைப் பற்றி எழுத வந்தேன். எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத விபத்து இது. காவல் நிலையத்துக்குப் போகாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் பெரும்பாலும் போகாது. எலும்பு முறிவு மருத்துவரின் குறிப்பேட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும்.

என் வீட்டில் அந்த ஒரு வரி எழுதப்பட்டது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குச் சென்றுவிட்டு, தெருவின் முனையில் வண்டியைத் திருப்பினேன். ஓய்வுபெற்ற பிறகு ஆசைப்பட்டு வாங்கிய 350 சி.சி. வண்டி. பின்னிருக்கையில் என் மனைவி. ஹேண்டில்பார் முழுவதும் வலப்பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் எதிரே ஒரு ஸ்கூட்டர் சந்திலிருந்து வெளிப்பட்டது. நான் கிளட்சையும் கைப் பிரேக்கையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான். வண்டி வலப்புறம் சாய்ந்தது, காலை ஊன்றித் தாங்கப் பார்த்தேன், முடியவில்லை. ஸ்கூட்டர்காரர் எங்களைத் தொடவே இல்லை. என் மனைவி கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்குத் தோள்பட்டையில் ஒரு பிடிப்பு, இன்றும் மழைக்காலத்தில் வந்து போகிறது.

நாற்பது ஆண்டுகளாக இரு சக்கர வாகனம் ஓட்டுபவன் நான். எண்பதுகளில் இளம் விரிவுரையாளராக இருந்தபோது பழைய புல்லட் ஓட்டியிருக்கிறேன். அதில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அதன்பின் இருபது ஆண்டுகள் ஸ்கூட்டர். பிறகு இந்த வண்டி. ஆகவே எனக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் ஏன் விழுந்தேன் என்ற கேள்வி பல நாள் என்னைக் குடைந்தது. பதிலின் ஒரு பாதி இயற்பியலில் இருந்தது. மறுபாதி, சற்றே வியப்பாக, என் சொந்தத் துறையான பொருளியலில் இருந்தது.

முதலில் இயற்பியல். ஓடுகிற இரு சக்கர வாகனம் ஏன் விழுவதில்லை என்று கேட்டால், சுழலும் சக்கரங்களின் பம்பர விளைவுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்வோம். அது முழு உண்மையன்று. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் அந்தப் பம்பர விளைவை நீக்கிவிட்ட ஒரு மிதிவண்டியைச் செய்து ஓட்டிக் காட்டினார். 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, பம்பர விளைவோ முன்சக்கர அமைப்பின் பின்னிழுப்போ இல்லாமலேயே தானாக நிமிர்ந்து ஓடும் மிதிவண்டியை உருவாக்க முடியும் என்று நிறுவியது. நூறாண்டுக்கும் மேலாக ஓட்டி வந்த ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு காலம் கழித்துத்தான் தெளிவு பிறந்தது என்பது ஆறுதலாகவே இருக்கிறது. எப்படியாயினும் அடிப்படை ஒன்றுதான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்ப வேண்டும், திரும்பினால் சக்கரங்கள் சாயும் எடைக்கு அடியில் போய் நிற்கும், வண்டி நிமிரும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடும் சிறுவன், அது சாயும் திசையில் கையை நகர்த்துகிறான் அல்லவா, அதே வித்தைதான்.

வேகமாகச் செல்லும்போது ஹேண்டில்பாரில் நூலிழை அளவு அசைவே இதற்குப் போதும். வண்டியே பாதி வேலையைச் செய்துகொள்கிறது. வேகம் குறையக் குறைய அதே திருத்தத்துக்குப் பெரிய அசைவு வேண்டும். விளைவும் தாமதமாக வரும். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் 195 கிலோ எடையுள்ள வண்டி இறகுபோல் இருப்பதும், ஆறு கிலோமீட்டரில் எருமைபோல் முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

திருப்பத்தில் இன்னொன்றும் சேர்கிறது. இரண்டரை மீட்டர் ஆரத்தில், அதாவது நம் ஊர்த் தெரு அளவில், மணிக்கு எட்டு கிலோமீட்டரில் வண்டியைத் திருப்பினால் அது சுமார் 11 பாகை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை அந்த வேகம் தாங்கிக்கொண்டிருக்கிறது. வேகம் திடீரென ஐந்துக்கு இறங்கினால் அந்த ஆரத்துக்குத் தேவையான சாய்வு ஐந்து பாகைக்கும் குறைவு. ஆனால், வண்டி இன்னும் பதினொன்றில்தான் இருக்கிறது. மிஞ்சிய ஆறு பாகையைத் தாங்குவதற்கு இப்போது எதுவும் இல்லை, ஓட்டுபவரின் காலைத் தவிர. நான் கிளட்சை முழுதாகப் பிடித்தபோது எஞ்சினின் உந்துதல் போயிற்று; கைப் பிரேக்கைப் பிடித்தபோது மிச்சமிருந்த வேகமும் போயிற்று. அத்தோடு, திரும்பியிருக்கும் முன்சக்கரத்தில் பிரேக் விழுந்தால் எடை முழுவதும் முன்னே பாய்ந்து, சக்கரம் உட்பக்கமாக மடங்கும். விழுவதற்கு நான் செய்ய வேண்டியிருந்த மூன்று காரியங்களையும் ஒரு நொடிக்குள் பிழையின்றிச் செய்திருக்கிறேன்.

கால் ஏன் தாங்கவில்லை? இதையும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வண்டியின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், ஹேண்டில்பார் ஒரு மீட்டரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து பாகை சாய்ந்த 195 கிலோ வண்டியை ஹேண்டில்பாரில் பிடித்து நிறுத்த எட்டரை கிலோ தூக்கும் விசை போதும். பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். இருபது பாகையில் அதே வண்டிக்கு 33 கிலோ வேண்டும். பின்னிருக்கையில் ஓர் ஆள் இருந்தால் இன்னும் கூடும். அதுவும் நின்ற நிலையில் உள்ள கணக்கு. விழுந்துகொண்டிருக்கும் வண்டிக்குச் சேரும் வேகத்தை இதில் நான் சேர்க்கவில்லை. முதல் ஐந்து பாகையில் எளிதாகத் தாங்கியதால், இருபதிலும் தாங்கிவிடலாம் என்று உடல் நம்பிவிடுகிறது. தோளும் இடுப்பும் போவது அங்கேதான்.

வண்டி கையை மீறிவிட்டது என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும். இண்டிகேட்டர் கண்ணாடியும் கிளட்ச் லீவரும் சில நூறு ரூபாய். தோள்பட்டை அப்படியன்று. திரும்ப வராத செலவை நினைத்து மேலும் செலவழிக்காதீர்கள் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த நான், புது வண்டியின் பெயின்ட் உரசிவிடுமே என்று தோளைக் கொடுத்தேன்.

இனி அந்த மறுபாதி. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1962-இல் எழுதிய 'செய்து கற்றல்' பற்றிய கட்டுரையைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். ஸ்வீடனில் ஹோர்ண்டால் என்ற ஊரின் இரும்பாலையில் பதினைந்து ஆண்டுகள் புதிய முதலீடு எதுவும் செய்யப்படவில்லை. ஆயினும் ஓர் ஆளுக்கான உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு உயர்ந்துகொண்டே போனது. வேலையே பாடம் நடத்தியது. இந்த எடுத்துக்காட்டை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே கட்டுரையில் ஆரோ சொன்ன மற்றொன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள், நானும் மறந்திருந்தேன். ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கற்றல் விரைவில் வற்றிவிடும்; கற்றல் தொடர வேண்டுமானால் சிக்கல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அது.

என் நாற்பது ஆண்டு அனுபவம் எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து வீடு, இடையில் கடைத்தெரு. இரண்டாம் ஆண்டிலேயே அதில் கற்க வேண்டியதைக் கற்று முடித்திருப்பேன். மீதி முப்பத்தெட்டும் அதன் மறுபதிப்பு. குறுகிய திருப்பத்தில் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது: இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டு, தரையைத் தட்டிக்கொண்டே திருப்புவது. 112 கிலோ வண்டியில் அது எடுபடும். ஆகவே அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று. காலைக் கீழே தொங்கவிட்டவருக்குக் கால் பிரேக் இல்லை என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு மறுபடி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு முன்னாள் ராணுவ வீரர். சிக்னல்ஸ் பிரிவில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுசெல்லும் பணியில் இருந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். நடந்ததைச் சொன்னதும், "பின் பிரேக்கில கால் இருந்ததா, புரபசர்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழமை காலையில வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளி மைதானத்தை அனுமதி பெற்றுப் பயன்படுத்தினோம். முதல் நாள் வண்டி பத்தடிகூட ஒழுங்காக ஓடவில்லை. ஓட அவர் விடவில்லை. முதல் கியரில் நிறுத்தி, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடச் சொன்னார். எஞ்சினின் சத்தம் சற்றே தாழ்ந்து, வண்டி முன்னால் போக ஆசைப்படும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்தி மறுபடி பிடிக்க வேண்டும். நூறு தடவை. நாம் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்வது அந்த இடத்தைத்தான்.

இங்கே ஒரு தவறான பாடத்தைச் சொல்லியாக வேண்டும். 'ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும்' என்று நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சோம்பேறித்தனமாகக் கிளட்சில் விரல் வைத்து ஓட்டுபவருக்கு அந்த அறிவுரை சரி. மெதுவாகத் திருப்பும்போது அது முற்றிலும் தவறு. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியே இருக்கின்றன; சிறிது நேரம் நழுவி ஓடுவதைத் தாங்கும் அளவுக்கு அந்த எண்ணெய் அவற்றைக் குளிர்விக்கிறது. சில பழைய ஜெர்மானிய, இத்தாலிய வண்டிகளின் உலர் கிளட்சுக்குத்தான் இது ஆகாது. தேய்ந்தாலும் பிளேட் மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

அடுத்த பாடம் எனக்கு மிகவும் விசித்திரமாகத் தோன்றியது. ஆக்சிலேட்டரைச் சற்றே கொடுத்து, கிளட்சைப் பாதியில் வைத்து, அதே நேரத்தில் பின் பிரேக்கையும் மெல்ல அழுத்தி ஓட்டச் சொன்னார். போகச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் ஒன்றாகவா? ஆமாம். எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் மறுபக்கம் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைத்து நிற்கிறது. முறுக்கிய கயிறு தொய்யாமல் இருப்பதுபோல. வேகத்தை இனி ஆக்சிலேட்டரால் மாற்ற வேண்டியதில்லை. அது ஒரே அளவில் இருக்கட்டும். கூடினால் கால் சற்று அழுத்தும். குறைந்தால் சற்று விடும். பெரிய எஞ்சின்களில் ஆக்சிலேட்டரைத் தொட்டாலே வண்டி எகிறும். அந்தத் துள்ளலைக் கிளட்சும் பின் பிரேக்கும் விழுங்கிவிடுகின்றன. கைப் பிரேக்கிலிருந்து என் நான்கு விரல்களையும் எடுத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. விரல் அங்கே இருந்தால் பயத்தில் தானாகவே பிடிக்கும். பிடிக்காதே என்று சொல்லித் தடுக்க முடியாது என்றார். அது என் அனுபவம்.

என்னை அதிகம் வருத்தியது கண். வண்டி நாம் பார்க்கும் இடத்துக்குப் போகிறது. முன்சக்கரத்தைப் பார்த்தால் முன்சக்கரத்தடியில் விழுகிறது. சுவரைப் பார்த்தால் சுவருக்குப் போகிறது. திரும்ப வேண்டுமானால் தாடை தோளுக்கு மேல் வரும் அளவுக்குத் தலையைத் திருப்பி, எங்கே போய் முடிய வேண்டுமோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அறுபது வயதுக் கழுத்துக்கு இது எளிதன்று. முதல் வாரம் வண்டியைவிடக் கழுத்துக்குத்தான் எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது. உடலையோ எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும்: வண்டி இடப்பக்கம் சாயட்டும், நாம் இருக்கையின் வலப்பக்க விளிம்பில் அமர்வோம். அப்போது வண்டி அதிகம் சாய்ந்து சிறிய வட்டத்தில் திரும்பும். மொத்த எடையின் சமநிலை கெடாது. வேகமான வளைவில் பந்தய வீரர்கள் உட்பக்கம் தொங்குவதைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் இங்கும் உட்பக்கம் சாய்ந்து விழுகிறார்கள்.

இதெல்லாம் எங்கள் தெரு அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க நகரங்களின் மோட்டார் சைக்கிள் காவலர்கள், முந்நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள வண்டிகளைக் கூம்புகளுக்கு நடுவே நுழைத்து நுழைத்துப் பழகுவது இதே மூன்றைக் கொண்டுதான். ஜப்பானில் இது ஓட்டுநர் தேர்வாகவே இருக்கிறது. அங்கே 400 சி.சி. வரை ஒரு உரிமம், அதற்கு மேல் தனி உரிமம். தேர்வில் ஒரு பலகைப் பாலம் உண்டு: 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் விழாமல் போனால் மட்டும் போதாது. மெதுவாகப் போக வேண்டும். நடுத்தர வண்டிக்கு ஏழு நொடிக்குக் குறையக் கூடாது; பெரிய வண்டிக்குப் பத்து நொடி. விரைந்து கடந்தால் மதிப்பெண் குறையும். எந்தத் தேர்விலும் மெதுவாக முடிப்பவருக்கு மதிப்பெண் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தில் அதே அளவில் இரண்டு கோடுகள் போட்டோம். பத்து நொடி என்றால் மணிக்கு 5.4 கிலோமீட்டர். முதல் முயற்சியில் நான்கு நொடியில் கடந்தேன். அதிலும் பாதி தூரம் கோட்டுக்கு வெளியே. மூன்று வாரத்தில் எட்டு நொடி. இரண்டு மாதம் கழிந்து ஒரு நாள் பதினொன்று. முனைவர் பட்டம் வந்த நாளில்கூட அவ்வளவு மகிழ்ந்தேனா என்று தெரியவில்லை. அன்றைக்கு மறுநாள் மீண்டும் ஏழு. உடல் கற்பது புத்தகம் படிப்பதுபோல் ஒருமுறை படித்து முடிப்பது அன்று.

வண்டியையும் கவனிக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. என் வண்டியின் ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது சற்றே ஒட்டிக்கொண்டது. கோன் செட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது. நெடுஞ்சாலையில் இது தெரியாது. மெதுவாக ஓட்டும்போது நேர்கோட்டில் நிற்க விடாமல் அலைக்கழிக்கும். முன்டயரில் காற்று குறைந்தாலும் அப்படித்தான். இரண்டையும் சரிசெய்த நாளில் என் திறமை ஒரே இரவில் கால்பங்கு உயர்ந்தது. காற்றால் குளிரும் எஞ்சின்களைக் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்து ஆறவிட வேண்டும், நம் வெயிலில் கட்டாயமாக.

விழுந்த வண்டியைத் தூக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. முன்னால் குனிந்து தூக்கினால் இடுப்பு போகும். வண்டி வலப்புறம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட வேண்டும், இல்லையேல் தூக்கிய வண்டி மறுபுறம் விழும். கியரில் போட்டுவிட்டு, இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மறுகை பின்கம்பியிலும் பிடித்து, தொடைகளால் எழுந்து, சிறுசிறு அடிகளாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்கள் இவ்வாறு இருநூறு கிலோ வண்டிகளைத் தூக்குகிறார்கள். உயரமும் உடல்வலிமையும் இருந்தால்தான் கனமான வண்டி என்ற எண்ணம் ஷோரூமில் இருக்கையில் உட்கார்ந்து காலை எட்டிப் பார்ப்பதோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவது.

இனி, என் மனைவியின் மணிக்கட்டுக்குத் திரும்புகிறேன். நான் எடுத்த முடிவின் செலவை அவர் செலுத்தினார். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஆலையின் புகை ஆலை முதலாளியைவிடப் பக்கத்துக் குடியிருப்பைத்தான் அதிகம் பாதிக்கும். பின்னிருக்கையில் அமர்பவருக்குப் பிடிக்க ஹேண்டில்பார் இல்லை. ஊன்றுவதற்கு நேரம் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலும் அவர் ஒருக்களித்து அமர்ந்த பெண். ஓட்டுபவரின் திறமையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு எந்த வழியும் இல்லை. புறவிளைவு இருக்கும் இடத்தில் அரசு தலையிட நியாயம் உண்டு என்பது பாடப்புத்தகம்.

தலையிட்டிருக்கிறதா? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்துக்காக மோட்டார் சைக்கிள்களைக் கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று பிரிக்கிறது. எடைக்கோ திறனுக்கோ அங்கே இடமில்லை. நூறு சி.சி. வண்டியில் 'எட்டு' போட்டுக் காட்டி உரிமம் பெற்ற பதினெட்டு வயது இளைஞர், அன்று மாலையே தவணையில் 241 கிலோ எடையுள்ள 650 சி.சி. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சட்டம் அவரைத் தடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு வேறு. 125 சி.சி. வரை ஒரு படி, 35 கிலோவாட் திறன் வரை அடுத்த படி, அதற்கு மேல் கடைசிப் படி. இடைப்படியில் இரண்டு ஆண்டு ஓட்டியிருக்க வேண்டும், அல்லது நேரடியாகக் கடைசிப் படிக்குப் போக 24 வயது ஆகியிருக்க வேண்டும். பிரிட்டனில் 2009 முதல் சாலைக்குப் போகும் முன்னரே தனி மைதானத் தேர்வு: மெதுவாக ஓட்டுதல், எட்டு, குறுகிய யூ-டர்ன், பிறகு மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து அவசரமாக நிறுத்துதல்.

நம் 'எட்டு' உண்மையில் நல்ல தேர்வு. அதை வடிவமைத்தவர் யாராயினும் விஷயம் தெரிந்தவர். கால் ஊன்றாமல் எட்டுப் போடுவதற்குக் கிளட்சும் பின் பிரேக்கும் கண்ணும் மூன்றும் வேண்டும். நாம் அதை ஒரு சடங்காக்கிவிட்டோம். ஓட்டுநர் பள்ளியின் இலகுவான வண்டியில், முந்தைய நாள் மாலை அதே தடத்தில் இரண்டு சுற்றுப் பழகி, காலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி முடித்துக்கொள்கிறோம். அதன்பின் வாழ்நாளில் யாரும் எட்டுப் போடுவதில்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆகிவிட்டதே என்று சிலர் கேட்கலாம். மிகக் குறைந்த வேகத்தில் அது வேலை செய்வதில்லை. திரும்பிய சக்கரத்தை நிமிர்த்துவதும் அதன் பணியன்று.

கனமான வண்டிகளுக்குத் தனி உரிமப் பிரிவு வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால், ஒரு புதிய பிரிவு என்றால் ஒரு புதிய விண்ணப்பம், ஒரு புதிய கட்டணம், வாசலில் ஒரு புதிய இடைத்தரகர் என்பதையும் நான் அறிவேன். இருப்பதையே சடங்காக்கிய இடத்தில் இன்னொரு சடங்கைக் கூட்டிப் பயனில்லை. ஆகவே சிறிதாகத் தொடங்கலாம் என்பது என் கருத்து. இருநூறு கிலோவை நெருங்கும் வண்டியை விற்கும் நிறுவனம், வண்டியை ஒப்படைக்கும் முன் வாங்குபவருக்கு அரைநாள் மைதானப் பயிற்சி கொடுக்கட்டும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் விலையில் அது ஒரு பொருட்டே அன்று. ஹெல்மெட்டும் டி-சட்டையும் பரிசாகக் கொடுக்கும் செலவில் முடிந்துவிடும். அந்தப் பயிற்சிச் சான்றுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் ஒரு சிறு தள்ளுபடி தரலாம். மாநகராட்சிகள் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஏதேனும் ஒரு வெற்றிடத்தைத் திறந்துவிட்டு, தரையில் ஓர் எட்டும் இரண்டு கோடுகளும் வரைந்துவைத்தால் போதும். பெயின்ட் செலவு மட்டுமே.

எங்கள் மைதானத்துக்கு இப்போது ஞாயிறுதோறும் ஐந்தாறு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த 241 கிலோ வண்டிக்காரர். நெடுஞ்சாலையில் கன்னியாகுமரிக்கும் மதுரைக்கும் பறந்து வருபவர். பலகைப் பாலக் கோட்டில் முதல் நாள் மூன்று நொடியில் வெளியே போனார். அண்ணாச்சி அவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

என் மனைவி ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். அவர் கண் முன்னால் தொடர்ந்து பத்து எட்டு, ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல். சென்ற வாரம் மைதானத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து எண்ணினார். ஏழாவதில் ஊன்றிவிட்டேன். திரும்பும்போது அவர் ஆட்டோவில் வந்தார். நான் பின்னால் வண்டியில் வந்தேன்.